புஞ்சையில் முதல் அடுப்பு

என் வீட்டுக்காரர் செத்த வருஷமே, சங்கரன்கோவில் எல்லையில் இருந்த எங்கள் புஞ்சையைக் கொழுந்தன் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். எண்பதுகளில் அதை வீட்டு மனையாகப் பிரித்து விற்கவும் கிளம்பினான். அதை எப்படியாவது கெடுக்க வழி தேடினேன்.

அங்கே உழும்போதெல்லாம் பழைய பானை ஓடு கிடைக்கும். "அது இடுகாடு. முதுமக்கள் தாழி புதைஞ்சு கெடக்கு" என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன். மனை கேட்டவர்கள் பின்வாங்கினார்கள். பேச்சு பரவி, வீடு எழும்பும் முன்னே தோண்டிப் பார்க்கத் தொல்லியல் அதிகாரி ஒருவரும் வந்துவிட்டார். கொழுந்தன் முகம் சுண்டிப்போனது. நான் கோமதியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன்.

குழியில் ஒரு எலும்புகூட இல்லை. மூன்று கல் கூட்டிய அடுப்பும் சாம்பலும்தான் இருந்தன. "இடுகாடு இல்லம்மா. சரித்திரத்துக்கு முந்தின ஜனங்க குடியிருந்த இடம்" என்றார் அதிகாரி.

"கேட்டியளா மதினி? ஆதியிலேயே அடுப்பெரிஞ்ச ராசியான மண்ணு!" என்று கொழுந்தன் ஊர் கேட்கச் சிரித்தான். மனையெல்லாம் விற்றுப்போனது. அடுப்பு இருந்த இடத்திலேயே தனக்கும் வீடு கட்டி, பால் காய்ச்சுக்கு என்னையும் அழைத்தான்.

போனேன். பால் பொங்கியது. குலவைச் சத்தம் அடங்கியதும் கேட்டேன்: "கொழுந்தனாரே, இங்கன மொத அடுப்பு கூட்டினவளும் இது தன் மண்ணுன்னுதான் நெனச்சிருப்பா. அவ பேரு ஒங்களுக்குத் தெரியுமா?"

பால் வழிந்து தீ அணைந்தது.

நல்ல நாளில் சாபம் விட்டுவிட்டாள் என்று இன்றும் பேசுகிறார்கள். நான் கேள்விதான் கேட்டேன். அது எனக்கும் சேர்த்துத்தான் என்பது, வீட்டுக்கு வந்து என் அடுப்பைப் பற்றவைத்தபோதுதான் உறைத்தது. ஆனாலும் கேட்டதற்கு வருத்தமில்லை.