இறங்குமுன் கையெழுத்து

வரலாறு படிப்பிக்கும் தொழிலில் செத்தவர்களால் ஒரு தொல்லையும் இல்லை. எதிரே உட்கார்ந்து கேட்கும் உயிருள்ளவர்களால்தான் எல்லாம். அதிலும் பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வரும் பெரியவர்களுக்குப் படிப்பித்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் என் கட்சி. வாருங்கள், சேர்ந்து அழுவோம்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டளவில், ஒஸ்லோவில் ரொம்மன் பகுதி அடுக்குமாடி ஒன்றின் நிலக்கீழ்ப் பொது அறையில், செவ்வாய்தோறும் மாலை வகுப்பு எடுத்தேன். நான் இருந்தது நகரத்தின் மறுகோடியில், பியோர்ண்டாலில். ஆறு மாணவர்களும் அதே மாடிக்காரர். நாட்டைவிட்டு ஓடிவந்ததில் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருந்த செல்வி அக்காவுக்குத் தாதியர் கல்லூரியில் சேர வரலாறு மட்டும்தான் மிச்சம். அந்த ஆண்டு சோதனையில் தவறினால் இனி முயல மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எல்லோரையும் பயமுறுத்திய பாடம் ஒன்றுதான்: அமெரிக்கக் குடியேற்றங்கள் தம்மைத் தாமே ஆளப் பழகிய கதை.

கப்பலில் நடந்த கூட்டம்

அரசனின் திருச்சபை பிடிக்காமல் கடல் கடந்த சமயப் பற்றாளர்களைப் பற்றி உருக்கமாகச் சொன்னேன். கடவுளோடு செய்த உடன்படிக்கை போலவே தமக்குள்ளும் ஒன்று செய்தார்கள், கரையில் இறங்குமுன் கப்பலிலேயே நாற்பத்தொரு பேர் கையெழுத்திட்டார்கள் என்றேன். பேருந்து ஓட்டும் தர்மலிங்கம் அண்ணை கையை உயர்த்தினார். இவ்வளவு பேர் ஒரு தாளில் கையெழுத்து வைத்தார்கள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

"ஏன் வைச்சவை? சும்மா வைக்க மாட்டினமே?" என்று கேட்டார். கப்பலில் பாதிப் பேர் அந்தச் சபையைச் சேராதவர்கள், கரையேறினால் ஒருவருக்கும் கட்டுப்பட மாட்டோம் என்று முறுக்கினார்கள், அதனால்தான் என்றேன். அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடிச் சொல்லுங்கோ சேர்! முதல் சண்டை, பிறகு சட்ட யாப்பு. இது எங்கட ஊர்ச் சங்கமெல்லோ!"

மேய்ப்பரை மாற்றுவது

அடுத்த வாரம், அந்தச் சபைகளுக்கு மேலே ஆயர் கிடையாது, போதகரைச் சபையாரே தெரிவு செய்வார்கள், பிடிக்காவிட்டால் அனுப்பியும் விடுவார்கள் என்று சொல்லித் தொலைத்தேன். செல்வி அக்கா கொப்பியை மூடினார். ஐயரை வாக்குப் போட்டு அனுப்பலாமா என்று அரைமணி நேரம் விவாதம். பிறகு, ஐயரையே அனுப்பலாம் என்றால் வாத்தியாரை ஏன் அனுப்பக் கூடாது என்று திரும்பினார்கள். இரகசிய வாக்கெடுப்பும் நடந்தது. நான்குக்கு இரண்டில் தப்பினேன். அந்த இரண்டு பேர் யார் என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

பேச்சை மாற்ற, சமயச் சுதந்திரம் தேடிப் போனவர்களே மாற்றுக் கருத்துச் சொன்ன ஒரு போதகரைக் குளிர்காலத்தில் துரத்தியதைச் சொன்னேன். மனச்சாட்சியில் அரசு தலையிடக் கூடாது என்றதுதான் அவர் செய்த குற்றம். ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் குகன் கவலையோடு, "அவர் பிறகு என்ன செய்தவர்?" என்றான். பக்கத்திலேயே வேறு குடியேற்றம் அமைத்தார் என்றேன். குகன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான். "ஓ, வேற கோயில் கட்டிட்டார். அப்ப பிரச்சினை இல்லை."

இயற்கை நிலை

சமயம் ஒரு வேர் என்றால் மெய்யியல் இன்னொன்று. ஆளப்படுபவரின் சம்மதம் இல்லாமல் எவரும் ஆள முடியாது, அரசு தோன்றுமுன் மனிதர் இயற்கை நிலையில் சுதந்திரமாக இருந்தார்கள் என்று ஓர் ஆங்கில மெய்யியலாளரின் கருத்தை விளக்கினேன். குகன் மட்டும் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் வேலை அட்டவணை போட்ட தலைமைச் சமையல்காரரிடம், இதற்கு நான் சம்மதிக்கவில்லையே என்று நொர்வேஜிய மொழியில் நிதானமாகச் சொல்லியிருக்கிறான். அவர் கோபப்படவில்லையாம். கத்தியைக் கீழே வைத்து, கதவைத் திறந்து காட்டியிருக்கிறார். "இயற்கை நிலை வெளியே இருக்கிறது, குகன். இன்றைக்கு அங்கே மைனஸ் பதினாறு."

பத்தொன்பது கடிதங்கள்

சித்திரையில் இடி விழுந்தது. வகுப்பு நடக்கும் அறையைச் சைக்கிள் அறையாக்கக் குடியிருப்புச் சங்க நிர்வாகம் முன்மொழிந்திருந்தது. பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு. சோதனைக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. வீடுகளில் சின்னப் பிள்ளைகள், தொலைக்காட்சி, விருந்தாளி. படிக்க வேறு இடமில்லை. 

அந்தப் பழைய குடியேற்றங்களில் ஊர்க்கூட்டம் நடந்த விதத்தைச் சொன்னேன்: வேலி, பன்றி, பாதை என்று எல்லாவற்றுக்கும் ஊரார் நேரில் வந்து சண்டை பிடித்துத் தீர்மானித்தார்கள். எல்லோருக்கும் ரோஷம் வந்துவிட்டது. மாடி மாடியாக ஏறி, பத்தொன்பது தமிழ் வீடுகளில் கையெழுத்து வாங்கினார்கள். பெரிய காரியத்துக்கு நன்றாகக் கதைக்கத் தெரிந்த ஒருவரை அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பதுதானே நம்முடைய முறை? எங்களுக்குப் பதிலாக இவர் வாக்களிப்பார் என்ற பத்தொன்பது அதிகாரக் கடிதங்களும் என் பெயரில். அந்த மாடியில் எனக்கு ஒரு கதவு மணிகூடச் சொந்தமில்லை.

அதே அறையில் நடந்த பொதுக்கூட்டத்தில் கடிதக் கட்டை மிடுக்காக நீட்டினேன். சங்கத் தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அன்பாகச் சொன்னார்: ஒருவர் ஒரேயொரு வீட்டுக்குத்தான் பதிலாள். பதினெட்டுக் கடிதங்கள் வெறுந்தாளாகின. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. வாரக்கணக்கில் நான் படிப்பித்ததே, அவரவர் கையெழுத்தை அவரவர் வந்து போட்டார்கள் என்பதைத்தான்.

என்னைக் காப்பாற்றியது, நிகழ்ச்சி நிரலில் எங்கள் அறைக்கு முன்பாக இருந்த, பல்கணியில் இறைச்சி வாட்டலாமா என்ற நான்காவது விடயம். நொர்வேஜியர்கள் அதை ஒரு மணித்தியாலம் விவாதித்தார்கள். நான் வெளியே ஓடித் தொலைபேசி எடுத்தேன். மேலே செல்வி அக்கா வீட்டில் எல்லோரும் என் வெற்றியைக் கொண்டாட ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்கள்! பத்து நிமிடத்தில் இறங்கி வந்தார்கள்: பேருந்துச் சீருடையில் ஒருவர், வீட்டுச் சட்டையில் சிலர், கையில் தட்டத்தோடு குகன். வாக்கெடுப்பு முடியும்வரை ரோல்ஸைத் தொடக் கூடாது என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

நான்கு வாக்கால் அறை தப்பியது. எட்டு ஆண்டாக ஒருவரையும் கண்டதில்லையே, இன்று மட்டும் எப்படி என்று தலைவர் கேட்டார். செல்வி அக்கா எழும்பி, நொர்வேஜிய மொழியில் பதில் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்களுக்காக வேறு யாராவது வருவார் என்று நினைத்தோம். இனி நாங்கள் வருவோம்."

கதவடியில்

எழும்பி நின்றவரை இருக்க விடவில்லை. அடுத்த விடயம் நிர்வாக சபைத் தெரிவு. வழக்கம்போல் எவரும் முன்வராமல் எல்லோரும் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்றுகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். கைதட்டித் தெரிவு செய்துவிட்டு ரோல்ஸ் சாப்பிட்டார்கள். சோதனையில் அந்தப் பாடமே வந்தது. அக்கா சித்தியடைந்தார், கல்லூரி அனுமதிக் கடிதத்தை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

ஆவணியில் புதிய வகுப்பு. பொது அறைக்குப் புதுப் பூட்டு. கதவை மறித்துக்கொண்டு செல்வி அக்கா, கையில் இரண்டு பக்க ஒப்பந்தம்: கதிரைகளை அடுக்க வேண்டும், விளக்கை அணைக்க வேண்டும், விதி மீறினால் நிர்வாக சபை ஆசிரியரை நீக்கலாம். அக்கா, இந்த அறையைக் காப்பாற்றியதே நான்தானே என்றேன். அவர் பேனாவை நீட்டினார். "ஓம் சேர், அது உண்மைதான். ஆனா கையெழுத்து வைச்சிட்டுத்தான் உள்ளுக்கு இறங்கலாம்."

தன்னாட்சியை மற்றவர்களுக்கு நன்றாகப் படிப்பித்தால் கடைசியில் கதவுக்கு வெளியே நிற்பது வாத்தியார்தான்.