கூடை மட்டும் போதுமாம்

இன்று காலை திருவொற்றியூர் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு மீன்காரம்மா. மடியில் கழுவிய கூடை, அருகே பள்ளி உடையில் மகள்.

பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் அவள் பள்ளியில் இன்று உலக விழாவாம். மகளுக்கு ஹாலந்துக்காரி வேஷம். இங்கே வேலைக்கு வந்திருக்கும் ஜெர்மன் இன்ஜினியரின் மகளுக்கு மீன்காரி வேஷம். அதற்குத்தான் கூடை.

“வாசல்லயே குடுத்துட்டுப் போயிடும்மா. உள்ள வராத.”

“என் கூடை வரலாம், நான் வரக்கூடாதா? இன்னாடி நாயம் இது?” என்றவள் என்னிடம் திரும்பினாள். “படிச்சவராட்டம் கீறீங்க நைனா. நீங்க சொல்லுங்க, நான் உள்ள போலாமா?”

சிறுமியின் கண்கள் கலங்கிவிட்டன. தயங்கித் தயங்கி, “உள்ள போங்கம்மா” என்றேன்.

இறங்கியதும் மகள் விடுவிடுவென்று முன்னே நடந்தாள். தாய் கூடையுடன் பின்னாலேயே ஓடினாள்.

நான் சொன்னது சரிதானா? உங்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஜன்னல் பக்கம் திரும்பியிருப்போம் என்பவர்களும் தாராளமாகச் சொல்லலாம். நானும் முதலில் அதைத்தான் செய்தேன்.