ஹாரன் அடிக்கக் கூடாத ஸ்டாப்பிங்

நீங்கள் பொய் சொன்னீர்கள், டிரான்ஸ்போர்ட் மேனேஜர் சார். விழுப்புரத்தில் நடந்த வேலைவாய்ப்பு முகாமில், மைக்கைப் பிடித்து, அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள்.

"இந்தப் பக்கத்து லேடீஸுக்கு வேலை மேல அக்கறை இல்லீங்க. கொஞ்ச நாள் வர்றாங்க, அப்புறம் நின்னுடுறாங்க. அதான் வெளியில இருந்து ஆள் எடுக்க வேண்டியதா இருக்கு."

நான் கடைசி வரிசையில் வண்டிச் சாவியோடு நின்றிருந்தேன். என் வண்டியில் வந்த கலைச்செல்வி எனக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பையன். நீங்கள் பேசி முடிப்பதற்குள் அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். உங்களிடம் திரும்ப வேலை கேட்கத்தான் வந்திருந்தாள்.

உங்கள் கம்பெனியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. திண்டிவனம் தாண்டி, கார்களுக்கு ஒயரிங் கட்டித் தருகிற கம்பெனி. அதற்கு ஆள் ஏற்றிவந்த வேன் டிரைவர் நான். வண்டி விழுப்புரத்து டிராவல்ஸ் ஒன்றுக்குச் சொந்தம், ரூட்டைக் கம்பெனி போடும். இப்போது வயதாகிவிட்டது. ஆக்டிங் டிரைவராக, கூப்பிட்டால் போகிறேன். கம்பெனி வண்டி ஓட்ட வருகிற புதுப் பையன்களுக்காக இதை எழுதுகிறேன். மேனேஜரும் படிக்கட்டும்.

1. வண்டி எங்கே நிற்கும்

கூட்டேரிப்பட்டில் ஹைவேயை விட்டு உள்ளே திரும்பினால் ஏரிக்கரை ரோடு. கரை இறங்குகிற இடத்தில் ஒரு ஊர். ரோட்டுக்கு ஒரு பக்கம் ஊர்த்தெரு, மறு பக்கம் காலனி. வண்டி ஊர்த்தெரு முனையில்தான் நின்றுகொண்டிருந்தது. காலனிப் பெண்கள் அங்கே நடந்து வந்து ஏறுவார்கள். யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

ஆரம்பத்தில் தினம் யாராவது ஒருத்தி வரமாட்டாள். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான், பிள்ளை. பால்வாடி திறக்கிற நேரத்தில் இவர்கள் கம்பெனியில் போர்டுக்கு முன்னால் நின்று பாதி ஒயரைக் கட்டியிருப்பார்கள். கைப்பிள்ளைக்கு அங்கே இடமும் இல்லை. அந்த டீச்சரைக் குற்றம் சொல்ல முடியாது. ஷிஃப்ட் போட்டது அவரில்லை.

காலனியின் முதல் வீடு சகாயமேரியுடையது. தங்கச்சி பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையையும் கொண்டுவந்து விட்டாள். பிறகு நாலைந்து பேர். கையில் கொடுத்ததை வாங்கிக்கொள்வாள். அம்மாக்கள் அவள் வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு ஊர்த்தெரு முனைக்கு ஓடிவருவார்கள். நான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பேன்.

ஒருநாள் சகாயம் வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இன்னாணா, தெனம் இப்புடி ஊர எழுப்பிக்கினு கீற. வண்டிய எங்க வூட்டாண்ட நிறுத்து. புள்ளைய வாங்கிக்கினு ஆள ஏத்தி வுட்டுடுறேன். உன் பேட்டரியும் மிச்சம், எங்க காதும் மிச்சம்."

மறுநாள் அங்கே நிறுத்தினேன். யாரும் உத்தரவு போடவில்லை. ஊர்த்தெருப் பெண்கள் இப்போது காலனி வாசலுக்கு நடந்து வந்து ஏறவேண்டியதாயிற்று. கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருந்தது. நானும் கோலியனூர் பக்கத்து ஊர்த்தெருக்காரன்தான். "உனக்கு இன்னா அங்க அவ்ளோ பாசம்" என்று என்னிடமே கேட்டார்கள்.

ஊர்த்தெருவிலிருந்து முதலில் பிள்ளையைக் கொடுத்தவள் கலைச்செல்வி. சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்கிற வீடு. பையன் தர்ஷனுக்கு அப்போது பேச்சு கூட வரவில்லை. மாமியார் வண்டி வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

"அந்த வூட்டுல குடுத்து சோறு ஊட்டச் சொல்லுவியா நீ?"

கலைச்செல்வி சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள், "சரி அத்த. நீ மல்லாட்ட புடுங்கப் போவாத. புள்ளைய நீயே பாத்துக்க."

அந்த அம்மா வேர்க்கடலை பிடுங்கக் கொல்லைக்குக் கிளம்பிவிட்டார். சில மாதம் கழித்து, கலைச்செல்வி தலை பின்னிக்கொண்டிருக்கிற காலைகளில் அவரே பேரனைத் தூக்கிவந்தார். முதலில் வேலிக்கு வெளியே நின்று நீட்டினார். மழைக்காலம் வந்ததும் உள்ளே போனார்.

2. சத்தமில்லாமல் கிளம்புவது

புதுப் பையன்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். பிள்ளை அழுவது அம்மா கையை விடும்போது இல்லை. வண்டி கிளம்புகிற சத்தம் கேட்கும்போது. அந்த அழுகையைக் கேட்டுவிட்டுப் போகிறவள் போர்டில் ஒயரை மாற்றிச் சொருகுவாள். ரிஜெக்‌ஷன் வரும். சூப்பர்வைசர் கத்துவார். சாயங்காலம் அவள் முகத்தைப் பார்த்தே காலையில் பிள்ளை அழுததா என்று நான் சொல்லிவிடுவேன்.

சகாயம் ஒரு வழி வைத்திருந்தாள். வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆடு கட்டியிருக்கும். அம்மாக்கள் பிள்ளைகளைக் கொடுத்ததும், "வாங்கடா, ஆட்டுக்குத் தழ போடலாம், அது பசியில கத்திக்கினு கீது" என்று எல்லாரையும் பின்னால் கூட்டிப்போவாள். அதற்குள் நான் கிளம்பிவிட வேண்டும்.

ஹாரன் கூடாது. பாட்டு கூடாது. கதவை யாராவது ஒருத்தி இழுத்துப் பிடித்துக்கொள்வாள், அறைந்து சாத்தக் கூடாது. இஞ்சினை ஆஃப் பண்ணி உருட்டக் கூடாது, பவர் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்கும் பிடிக்காது. ஐடிலிங்கில் விட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், ஏரிக்கரைச் சரிவில் தானாக இறங்க விடவேண்டும். சரிவு முடிகிற இடத்தில் ஒரு சிறு பாலம், கல்வெட்டு என்போம், அதைத் தாண்டிய பிறகுதான் கியர். கதவை லாக் பண்ணுவதும் அங்கேதான். அதுவரை வண்டிக்குள் ஒருத்தியும் பேசமாட்டாள். கல்வெட்டு தாண்டியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள்.

சாயங்காலம் நேர்மாறு. கல்வெட்டிலேயே ஹாரனை அழுத்திப் பிடிப்பேன். ஆடுகளோடு பிள்ளைகளும் ரோட்டோரம் வந்து நிற்கும். காலனிப் பிள்ளை, ஊர்த்தெருப் பிள்ளை எல்லாம் ஒரே பாயில் உட்கார்ந்து கேப்பைக் கஞ்சி குடித்த வாயோடு நிற்கும். யார் பிள்ளை யார் என்று எனக்கே குழம்பும்.

லாரி ஓட்டியிருக்கிறேன், ரூட் பஸ் ஓட்டியிருக்கிறேன். யாரும் என் ஹாரனுக்குச் சந்தோஷப்பட்டதில்லை. அந்த ஊரில்தான் சந்தோஷப்பட்டார்கள்.

மேடையில் நீங்கள் பொருளாதாரம் பற்றிப் பேசினீர்கள், சார். அது வளர்ந்ததை நான் டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தேன். மளிகைக் கடைக்காரர் பால் பாக்கெட்டுக்காக விடியலிலேயே கடை திறந்தார். சகாயம் ஊரிலேயே கறவை வைத்திருப்பவரிடம் பால் வாங்கினாள், முட்டை வாங்கினாள். தனியாக முடியாமல் சமையலுக்கு ஒரு பெண்ணைச் சேர்த்தாள். அந்தப் பெண் கணவனை இழந்தவள். அவளுக்கும் ஒரு சம்பளம் வந்தது. கலைச்செல்வி மாட்டுக் கொட்டகைக்கு ஓடு மாற்றினாள், கிணற்று மோட்டாரை ரிப்பேர் பண்ணினாள். என் வேனில் சீட் காலியில்லாமல் இரண்டு பேர் நின்றுகொண்டு வந்தார்கள். கலைச்செல்வியை லைன் லீடர் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஒரு பெண் தன் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதால் வந்தது இவ்வளவும்.

3. சிவப்புப் புள்ளி

பிறகு எல்லா வண்டியிலும் ஜி.பி.எஸ். மாட்டினீர்கள். அனுமதி இல்லாத இடத்தில் வண்டி நின்றால் உங்கள் ஸ்கிரீனில் சிவப்புப் புள்ளி. என் வண்டி தினம் சகாயம் வீட்டு வாசலில் சிவப்பாக நின்றது. ஒருநாள் நீங்களே செக்கிங்குக்கு வண்டியில் வந்தீர்கள். என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தீர்கள். அந்த வாசலில் நிறுத்தியதும் இறங்கிப் பார்க்கவில்லை. ஜன்னலைக் கூடப் பாதிதான் இறக்கினீர்கள்.

"யாருப்பா இந்த அம்மா? இங்க எதுக்கு நிக்குது வண்டி?"

நான் பதில் சொல்வதற்குள் சகாயம் இடுப்பில் ஒரு பிள்ளையோடு ஜன்னலுக்கு வந்தாள். "புள்ளைங்கள நான்தான் சார் பாத்துக்கிறேன். இறங்குங்க சார், ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்."

"அதெல்லாம் வேணாம்மா. கம்பெனியிலயே கிரச் இருக்கு. ஏசி போட்டு, பொம்மையெல்லாம் வாங்கி வச்சிருக்கோம். ஒருத்தரும் கொண்டுவந்து விடமாட்டேங்கிறாங்க."

"அப்ப இந்த வண்டியிலயே புள்ளையயும் ஏத்திக்கினு வரலாங்களா சார்?"

"வண்டியில குழந்தைங்க அலவ்ட் இல்லம்மா. இன்சூரன்ஸ் பிரச்சனை."

சகாயம் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். "கேட்டியாடா? நீ பறந்துக்கினு போவணுமாம்."

வண்டி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டீர்கள். அந்தச் சிரிப்புக்கு விலை இருக்கும் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

உங்கள் கிரச்சை ஒருமுறை பார்த்திருக்கிறேன். பொம்மைகளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிக்காமல் இருந்தது.

கொஞ்ச நாளில் புது ரூட் வந்தது. உள்ரோடு கிடையாது. கூட்டேரிப்பட்டு ஹைவே சர்வீஸ் ரோடுதான் பிக்கப் பாயிண்ட். எல்லாரும் அங்கே வந்து ஏறவேண்டும். நான் இரண்டு நாள் பழையபடி உள்ளே போனேன். விழுப்புரத்திலிருந்து டிராவல்ஸ் முதலாளி போன் பண்ணினார்.

"அண்ணே, வண்டிதான் நம்மளது. ரூட்டு அவங்களது. எனக்கு எதுக்குண்ணே இந்தப் பேஜாரு?"

உங்களுக்கும் போன் பண்ணினேன், சார். "அந்த ஒரு ஸ்டாப்பிங்கை உங்க மேப்புல ஏத்திடுங்க, சிவப்பு வராது" என்றேன். "டிரைவர் வேலைய மட்டும் பாருங்க" என்றீர்கள்.

4. கூட்டேரிப்பட்டில்

அம்மாக்கள் விடவில்லை. சகாயமும் விடவில்லை. ஒரு ஷேர் ஆட்டோ பேசி, விடியும் முன்னே அம்மாக்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அவளே ஜங்ஷனுக்கு வந்தாள். அந்த இருட்டில் துணையில்லாமல் ஹைவேக்கு அனுப்ப வீடுகளில் ஒத்துக்கொள்ளவில்லை, பிள்ளைகளோடு இருக்கச் சமையல் பெண்ணும் அந்நேரத்துக்கு வந்திருக்கமாட்டாள். டீக்கடைக்குப் பக்கத்தில் நின்று, அம்மாக்கள் வண்டி ஏறுவதற்கு முன் பிள்ளைகளை வாங்கிக்கொள்வாள். இரண்டு கையில் எத்தனை பிள்ளையைப் பிடிக்க முடியும்? தாம்புக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, பெரிய பிள்ளைகளை அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். டீக்கடையில் நின்ற லாரிக்காரர்கள் கேலி பண்ணினார்கள்.

"இன்னாக்கா, சந்தைக்கா ஓட்டிக்கினு போற?"

"ஆமா, உன்னையும் கட்டட்டுமா? வா."

வாயில் பதில் இருந்தது. முகத்தில் பயம் இருந்தது. அங்கே ஆடு இல்லை, பின்பக்கம் இல்லை. பிள்ளைகள் நின்ற இடத்திலிருந்து வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தன.

ஹைவேயில் ஹாரன் அடிக்காமல் வண்டியை எடுக்க முடியாது. பின்னால் வருகிற லாரிக்கு நாம் தெரியவேண்டும். ஒருநாள் வழக்கம்போல அடித்தேன். அடித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், தர்ஷன் கயிற்றை விட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் ஓடிவருகிறான். அவனுக்கும் பின்னால் ஒரு டிப்பர். நான் பிரேக்கை மிதித்தேன். டிப்பர்காரன் ஒடித்துத் திருப்பினான். சகாயம் மற்ற பிள்ளைகளைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்து, தர்ஷன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்து இரண்டு பேரும் விழுந்தார்கள். அவளுக்கு முழங்கைத் தோல் பெயர்ந்துபோனது. பையனுக்கு ஒன்றுமில்லை.

கலைச்செல்வி வண்டியிலிருந்து இறங்கினாள். பையனைத் தூக்கிக்கொண்டாள். சகாயம் தரையில் உட்கார்ந்தபடியே, "என்ன மன்னிச்சிடு கலை, நான் வுட்டுட்டேன்" என்றாள்.

"நீ எங்கக்கா வுட்ட" என்றாள் கலைச்செல்வி. சாப்பாட்டுப் பையை எடுத்துக் கொடுங்கள் என்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். அதோடு அவள் கம்பெனிக்கு வரவில்லை.

ஒவ்வொருவராக எல்லாரும் நின்றார்கள். காலி சீட்டுகளோடு கொஞ்ச நாள் ஓட்டினேன். பிறகு வண்டியே வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். இப்போது வெளி மாநிலத்துப் பெண்களை ஹாஸ்டலில் தங்கவைத்து பஸ்ஸில் கொண்டுவருகிறீர்கள். அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களும் எங்கேயோ பிள்ளையை விட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

5. மிச்சம்

சகாயம் வீட்டில் இப்போது தங்கச்சி பிள்ளை மட்டும்தான். சமையலுக்கு இருந்த பெண் செங்கல் சூளைக்குப் போய்விட்டாள். மளிகைக் கடை பொழுது நன்றாக ஏறிய பிறகுதான் திறக்கிறது. ஊர்த்தெருப் பிள்ளைகள் ஊர்த்தெருவில் விளையாடுகின்றன, காலனிப் பிள்ளைகள் காலனியில். இதுதான் எனக்கு நெஞ்சில் நிற்கிறது. அவர்களை ஒரே பாயில் உட்காரவைக்க எந்தத் தலைவரும் வரவில்லை. ஒரு வேன் ஸ்டாப்பிங்தான் உட்காரவைத்தது. அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஆக்டிங் டிரைவராகப் போகும்போது சில சாயங்காலங்களில் அந்தக் கல்வெட்டைத் தாண்டவேண்டி வரும். கை தானாக ஹாரனுக்குப் போகும். அழுத்துவதில்லை. அழுத்தினால் யாரும் வெளியே வரப்போவதில்லை. வந்தாலும் நான் இறக்கிவிட என் வண்டியில் அம்மாக்கள் இல்லை. கல்வெட்டு தாண்டியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்களே, அந்தச் சத்தத்துக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் விடியலில் எழுந்திருப்பேன்.

பையன்களே, இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஷிஃப்ட் கம்பெனி கேட்டில் ஆரம்பிக்கிறது என்று ரூட் போடுகிறவர்கள் நினைப்பார்கள். பிள்ளையை ஒருத்தி நம்பி இன்னொருத்தியிடம் கொடுக்கிற வாசலில்தான் அது ஆரம்பிக்கிறது. அந்த வாசல் எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே வண்டியை நிறுத்துங்கள். அந்த வீட்டில் இருப்பவளுக்கு என்ன வேண்டும் என்று கம்பெனியைக் கேட்கச் சொல்லுங்கள். சகாயத்துக்கு ஏசி வேண்டாம். அவள் கேட்டது வாசலில் வண்டி நிற்பதை மட்டும்தான்.

மேனேஜர் சார், அடுத்த முகாமும் அதே மைதானத்தில்தான் என்று சொல்கிறார்கள். வண்டி எடுத்துக்கொண்டு நான் வருவேன். கலைச்செல்வி வருவாள். சகாயமும் வருகிறேன் என்றாள், அவள் முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது. பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டுதான் வருவோம், அது உங்கள் வண்டி இல்லை. நீங்கள் அதே மைக்கைப் பிடியுங்கள். அந்த ஊர்ப் பெண்கள் ஏன் வேலையை விட்டார்கள் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள். அந்த ஸ்டாப்பிங்கைத் திருப்பித் தருவீர்களா, மாட்டீர்களா என்று அங்கேயே சொல்லுங்கள்.