கட்டிலை விட்டு இறங்கிய பெரியவர்

திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருக்கிறேன். வீட்டில் வயதானவர்களைக் கவனிக்கும் சகோதரிகளுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில், வானூர்ப் பக்கத்து விவசாயக் கூலி முனியன் என்ற பெரியவரை ஜுரத்தோடு சேர்த்தார்கள். ஜுரம், நாடி, கஞ்சி, முதுகு துடைப்பது என்று நான் படித்த வரிசைப்படி எல்லாம் செய்தேன். ஆனால் நான் நகர்ந்ததும் அவர் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் சுருண்டுகொள்வார். ஜுர மயக்கம் என்று எண்ணி, கட்டிலின் இருபுறமும் பலகை வைத்துக் கட்டினேன். மத்தியானம் அதைத் தாண்டி இறங்கப் பார்த்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

அப்போதுதான் கேட்டேன். "ஏன் தாத்தா இறங்கினீங்க?"

அடுத்த கட்டிலைக் கண்ணால் காட்டினார். அதில் அவருடைய நிலக்காரர் இருந்தார். "ஆண்டை படுத்துக்கினு இருக்காரும்மா. அவுருக்குச் சரிக்குச் சரியா நான் எப்படி மேல படுக்கிறது?"

நிலக்காரர் சிரித்தார். "என்னடா முனியா, கட்டிலு ஒனக்கு ஒத்துக்கலியா?"

"இல்லீங்க ஆண்டை" என்று அந்த வலியிலும் பெரியவர் கைகூப்பினார்.

அவர் கட்டிலை வார்டின் மறுகோடிக்கு நகர்த்தினேன். அன்று நன்றாகத் தூங்கினார். ஆனால் இடுப்பு முறிந்து படுத்தே கிடந்ததில், சில வாரங்களில் மார்பில் சளி கட்டி, எழுந்து நடக்காமலே இறந்துபோனார்.

இப்போதெல்லாம் தரையில் இறங்கிவிட்டவரைத் தூக்குவதற்கு முன், நானும் தரையில் உட்கார்ந்து காரணம் கேட்கிறேன். பலர் சொல்வதில்லை. அவர்களுக்குத் தரையிலேயே பாய் விரித்துவிடுகிறேன்.