நாலாவது ஓரத்தில் ஒரு இதழ்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். இன்று பெருந்துறைப் பக்கம் அறுபது மிஷின் ஓடுகிற யூனிட் எனக்கு இருக்கிறது. குழந்தைத் தொப்பி, காலுறை, கைக்குட்டை, மேசைவிரிப்பு என்று என்னிடமிருந்து கப்பலேறிப் போகாத சாமான் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் கடிதங்களை வாசித்துச் சொல்ல, பெரிய படிப்புப் படித்த பையன் ஒருவனைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறேன். அவன் வாசிப்பான், நான் பதில் சொல்வேன். தைத்த துணியைக் கையில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தடவியே தப்பு எங்கே என்று காட்டிவிடுவேன். பேரன் எடுத்த பிறகும் அந்தக் கை எனக்கு மழுங்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் என்று நீங்கள் வைத்துக்கொண்டாலும் எனக்கு நட்டம் ஒன்றும் இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத பிறவி நான். பதினோரு வயதிலும் அப்படித்தான் இருந்தேன். அந்த வாய் செய்த காரியம் ஒன்று இருக்கிறது.

அப்போது நாங்கள் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பில் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம். வீட்டுக்கு டிவி வந்த புதிது. அந்த வருஷம்தான் அக்கா வயசுக்கு வந்தாள். பதினாறாம் நாள் சீர் வைப்பதாக அப்பா சொல்லிவிட்டார். சீர் என்றால் தாய்மாமன் தட்டுத் தட்டாக எடுத்துக்கொண்டு மேளத்தோடு வர வேண்டும். சபையில் பாய் விரித்துத் தட்டுகளை வரிசையாக வைத்து, துணியை விலக்கி ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். தட்டு எத்தனை என்பதை எண்ணாமல் எந்தப் பெண்பிள்ளையும் பந்திக்குப் போகமாட்டாள். எங்கள் பக்கம் இருபத்தொன்றுக்குக் குறைந்தால் அது சீர் இல்லை, சும்மா பார்த்துவிட்டுப் போக வந்த கணக்கு.

என் அம்மாவுக்குக் கூடப் பிறந்தது ஒரே தம்பி. கிணறு வற்றி, காடு கைவிட்டுப் போய், சென்னிமலையில் ஒருவர் தறியில் கூலிக்குப் போர்வை நெய்துகொண்டிருந்தார். அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. வயது இருபத்தெட்டாகியும் பெண் அமையவில்லை. அந்தச் சமயம் பார்த்து, பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்கிற என் அத்தை வீட்டுச் சொந்தத்தில் ஒரு பெண் இருந்தது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பையனைச் சீரன்றைக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். பையனைப் பார்ப்பதென்றால் முகத்தைப் பார்ப்பது அல்ல, தட்டைப் பார்ப்பது. இது எனக்கும் தெரியும். வீட்டில் பேசுவது எதுவும் என் காதுக்குத் தப்பாது.

மாமனால் ஒன்பது தட்டுத்தான் முடியும். பழம், தேங்காய், பூ, மஞ்சள், வளையல், சேலை, அவர் கையால் நெய்த போர்வை என்று அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அப்புறம் எழுந்து போய்த் தன் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து நூல் பின்னுகிற கொக்கி ஊசியை எடுத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் மிஷன் பள்ளிக்கூடத்து சிஸ்டர்களிடம் பழகியது. எனக்கு ஒரு ஊசி வேண்டுமே. உடைந்த குடைக்கம்பியை ஒடித்து, துவைக்கிற கல்லில் தேய்த்து, முனையில் கொக்கி வைத்து அவளே செய்துகொடுத்தாள். இன்று ஜப்பானில் செய்த ஊசி பெட்டி பெட்டியாக என்னிடம் இருக்கிறது. அந்தக் குடைக்கம்பி ஓடின ஓட்டம் ஒன்றிலும் வராது.

பதினான்கு நாளில் மீதிப் பன்னிரண்டு தட்டும் எங்கள் கையால் நிரம்ப வேண்டும். ஆகவே சீக்கிரம் முடிகிற சாமான்களாக அம்மா பொறுக்கினாள். கைக்குட்டைக்கு ஓரம் பின்னினால் ஒரு மத்தியானத்தில் இரண்டு முடியும். தலையணை உறையில் மூலைக்கு ஒரு பூப் போட்டால் போதும், நடுவில் யாரும் பார்ப்பதில்லை. பனியன் கம்பெனி வெட்டுத்துணியைச் சதுரம் சதுரமாகச் சேர்த்தால் பை. உல்லன் நூலை இரட்டையாகப் பிடித்துப் பெரிய கண்ணாகப் போட்டால் வாசல் தோரணம் மூன்று நாள் வேலை. கொப்பரைக் கொட்டகையில், அப்பா தோப்புக்குள் போன நேரமாகப் பார்த்து உட்காருவோம். பள்ளிக்கூடத்துக்கு எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பியாயிற்று. படிப்பில்தான் நான் மக்கு. கையில் ஊசி ஏறியதும் மூன்றாவது நாளே அம்மாவை முந்திவிட்டேன்.

டிவிக்கு மேல் விரிக்கும் வெள்ளை உறையை முழுக்க என்னிடமே விட்டுவிட்டாள். நாலு ஓரமும் பூ இதழ் மாதிரி வளைவு. ஓரத்துக்குப் பதினோரு இதழ். நாலாவது ஓரத்துக்கு வரும்போது எண்ணிக்கை விட்டுப்போய்ப் பத்தோடு நின்றுவிட்டது. அம்மா பார்த்தாள். பிரித்துப் போட நாள் இல்லை. மூலையை இழுத்துவிட்டு இஸ்திரி போட்டால் தெரியாது என்றாள். எனக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது.

மலைக்கு வேண்டுதல் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, உரச் சாக்கில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு நானும் அம்மாவும் சென்னிமலைக்கு பஸ் ஏறினோம். படிக்கட்டு அடிவாரத்தில் மாமன் நின்றிருந்தார். சாக்கைப் பிரித்துப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"வேண்டாங்க்கா. நான் ஒம்பது தட்டோடவே வாரேன். சொல்றவங்க சொல்லிப்போட்டுப் போவட்டும்."

"நீ கொண்டாந்தாத்தான் அது சீரு. ஆரு செஞ்சா என்னடா?" என்றாள் அம்மா.

 நான் நடுவில் நுழைந்து, இது நான் போட்டது, இதில் பாதி நான் போட்டது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவளே ஒரு நாளைக்குக் கடை வைத்துவிடுவாள் என்றார். பிறகு மலையேறும்போது படிக்குப் படி என்னைச் சோதித்துக்கொண்டே வந்தார். இதையெல்லாம் மாமன் எங்கே வாங்கினார்? ஈரோட்டில். யார் செய்தது? தெரியாது. மேலே போனதும் அம்மா என் கையைப் பிடித்து முருகன் முன்னால் சத்தியம் வாங்கினாள். நானும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு செய்துகொடுத்தேன். பொய்ச் சத்தியம் இல்லை. அந்த நிமிஷத்தில் அது நிஜம்தான்.

சீரன்று மேளத்தோடு இருபத்தொரு தட்டு வாசலுக்கு வந்தது. அம்மா தூணோரம் நின்று ஓரக்கண்ணால் எண்ணினாள். எண்ணி முடித்தபோது அவள் நெஞ்சு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். பிறந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் கூனிக்கொண்டு நின்றுதான் நான் பார்த்திருந்தேன். பெண் வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாமன் வெள்ளை வேட்டி சட்டையில் ராஜா மாதிரி இருந்தார். அத்தைதான் துணியை விலக்கி விலக்கிச் சபைக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கைக்குட்டைக்குத் தலையாட்டினார்கள். தோரணத்துக்கு ஆகா என்றார்கள். வெட்டுத்துணிப் பையைக்கூட ஒருத்தி வாங்கிப் பார்த்தாள். பெண்ணின் அம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அது சம்மதச் சிரிப்பு என்று எனக்கே புரிந்தது.

கடைசித் தட்டில் டிவி உறை. அத்தை அதை விரித்துத் தூக்கிப் பிடித்தார்.

"ஏனுங்க தம்பி, இதைய எங்கீங்க எடுத்தீங்க?"

"ஈரோட்டுலீங்க," என்றார் மாமன்.

"அதான பாத்தேன். மிசின்ல போட்டதுங்க இது. கையில போட்டா இத்தனை ஒழுங்கு வருமா?"

அத்தை அதோடு தட்டை மூடியிருந்தால் இன்று இதை எழுதவேண்டிய வேலை இல்லை. பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் ஆமாம் மிஷின்தான், கையில் எங்கே வரப்போகிறது என்று ஆளுக்கொரு தரம் சொன்னார்கள். என் விரலில் குடைக்கம்பி குத்தின காயம் அப்போதும் ஆறவில்லை. மிஷின் என்ற சொல் எனக்குப் பொறுக்கவில்லை. முருகனும் மலையும் சத்தியமும் எங்கே போயிற்றோ தெரியாது.

"இல்லீங்க அத்தை, மிசினில்லை. நாந்தான் போட்டேன். நாலாவது ஓரத்துல எண்ணிப் பாருங்க, ஒரு எதழு கம்மி. நாந்தான் உட்டுப்போட்டேன்."

அத்தை எண்ணினார். அவசரப்படாமல், ஒவ்வொரு இதழையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பத்து. மறுபடி முதல் ஓரத்தை எண்ணினார். பதினொன்று. மாமன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். மேளக்காரர்கூட என்னவோ புரிந்ததுபோலக் குச்சியைக் கீழே வைத்தார். அத்தை உறையை நாலாக மடித்துத் தட்டில் வைத்தார். குரலில் ஒரு சொட்டுக் கோபம் இல்லை. எங்கள் பக்கத்து மரியாதை எப்போதும் குறையாது.

"பரவால்லீங்க. ஊட்டுச் சாமான் பத்தரமா ஊட்டுக்கே வந்துருச்சு."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தியைப் பார்க்கப் போனார். அன்றைக்கு அவர் அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மாவுக்குப் பதில் சொல்லவாவது ஒரு வழி இருந்திருக்கும். பெண் வீட்டார் மாடு கன்று போடுகிற நேரம் என்று சொல்லி, இலையில் உட்காராமலே கிளம்பினார்கள். கல்யாணப் பேச்சு அதோடு நின்றது.

மாமன் போகவில்லை. செய்ய வேண்டிய முறை எல்லாவற்றையும் செய்தார். அக்காவுக்கு மாலை போட்டார். பந்தியில் உட்கார்ந்து, அவர் இலையைச் சுற்றியிருந்த இடம் காலியாகவே கிடக்க, வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். அக்காள் வீட்டில் கை நனைக்காமல் போனால் அந்தப் பேச்சும் அம்மாவின் தலையில்தான் விழும் என்பதற்காகச் சாப்பிட்டிருக்கிறார். பசியாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். காலித் தட்டுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு அவர் பஸ்ஸுக்கு நடந்தபோது நானும் கூடவே ஓடினேன். பஸ் வருகிற வரைக்கும் உறையைப் பற்றியேதான் பேசினேன். ஏறும்போது என் தலையில் கை வைத்தார்.

"நெம்ப நல்லாப் போட்டிருக்கறே அம்மணி. வாரேன்."

வரவில்லை. அக்கா கல்யாணத்துக்கு மண்டபத்தோடு வந்து, முறையைச் செய்துவிட்டு, மண்டபத்தோடு போனார். எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை. நான் யூனிட் தொடங்கியபோது வெற்றிலை பாக்கு வைத்து, நானே நேரில் போய்க் கூப்பிட்டேன். தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, சந்தோஷம் என்றார், வாரேன் என்றார். ரிப்பன் வெட்டுகிற நேரத்தை அரைமணி தள்ளிப் பார்த்தேன். மகன் வந்து காதோரம், போதும்மா என்றான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் யூனிட்டிலிருந்து போகிற எதிலும் என் பெயர் இருக்காது. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் பெயர் அச்சடித்த லேபிளை அவனே அனுப்புவான். நாங்கள் அதைத் தைத்து அனுப்புவோம். எல்லாம் அவர்கள் கையாலேயே செய்தது என்று அந்த ஊர்க்கடையில் எழுதி வைத்திருந்த போட்டோவைப் பையன் ஒருமுறை காட்டினான். நான் சிரித்துக்கொண்டு, பெட்டியை ஏற்று என்றேன். இத்தனை வருஷமாக முகம் தெரியாத எவனெவனுக்கோ வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். மாமனுக்காக ஒரு மத்தியானம் மூடத் தெரியவில்லை.

அம்மா என்னை அடிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் தொடக்கூட இல்லை. சீர் முடிந்து நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில், டிவி மேல் கிடந்த உறையை எடுத்துக்கொண்டு கொட்டகையில் போய் உட்கார்ந்தாள். வெளிச்சுற்று முழுவதையும் சரசரவென்று பிரித்தாள். பிரித்த நூல் சுருள் சுருளாக அவள் மடியில் விழுந்தது. நான் பக்கத்தில் போய் என்ன என்று கேட்டேன். நிமிராமலே, ஒண்ணு கொறையுது என்றாள். சாயங்காலம் வரைக்கும் சாப்பிட எழுந்திருக்கவில்லை. ஓரத்துக்குப் பதினொன்றாக நாலு ஓரத்தையும் தன் கையால் போட்டு முடித்து, இஸ்திரி போட்டு, பழையபடி டிவி மேல் விரித்தாள். அதன் பிறகு அந்தக் கொக்கி ஊசியை அவள் எடுத்து நான் பார்க்கவில்லை.

நான் ஓடிப்போய் நாலாவது ஓரத்தை எண்ணினேன். பதினொன்று. இனி அதை நான்தான் போட்டேன் என்று யாருக்கும் காட்ட முடியாது. மாமன் பஸ் ஏறினபோது எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கு அந்த ஒரு இதழுக்காகத் தரையில் உருண்டு உருண்டு அழுதேன். அம்மா, மாமன் இறங்கிப் போன வாசலைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்காகத்தான் அவளும் அழுகிறாள் என்று நினைத்தேன்.