ஆடிக்கு வந்த அமெரிக்க அண்ணன்

என் மாமனார் ஊமைப்படத்துக்குக் கதை சொன்னவர். படம் பேசாத காலத்தில், திரைக்குப் பக்கத்தில் குச்சியோடு நின்றுகொண்டு, யார் எவர், ஏன் அழுகிறார்கள் என்று கூட்டத்துக்குத் தமிழில் சொல்ல ஆள் வேண்டுமல்லவா, அந்த ஆள். டி. கல்லுப்பட்டி, பேரையூர் என்று டூரிங் சினிமாக் கொட்டகை போன ஊரெல்லாம் அவரும் போயிருக்கிறார். நான் பழங்காநத்தத்தில் அவர் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. குரல் மட்டும் குறையவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டால் தெருவுக்கே கேட்கும்.

அது என் தலை ஆடி. புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டிலிருந்து வந்து அழைத்துப் போக வேண்டும். அப்பா அம்மா இல்லாத எனக்கு, பேரையூரில் அண்ணன் ஒருவன்தான். கல்யாணப் பந்தியில் தன்னை யாரும் முறையாகக் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டு கைநனைக்காமல் போனவன், பிறகு எட்டிப் பார்க்கவில்லை. ஆடி பிறந்து பத்து நாள் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி தினமும், "இன்னும் ஊருக்குப் போகலையா?" என்பாள். "எங்கண்ணன் வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுவேன்.

அந்த வாரத்தில்தான் கல்லூரி வாத்தியார் ஒருவர் நோட்டும் பேனாவுமாக வந்தார். பழைய அமெரிக்கப் படம் ஒன்றின் பெயரைச் சொன்னார். அதன் பிரதி உலகத்தில் எங்கேயும் இல்லையாம். மாமா பல தடவை பார்த்தவர் என்று கேள்விப்பட்டுக் கதையை எழுதிக்கொள்ள வந்திருந்தார்.

மாமா எழுந்து நின்றே சொன்னார். பணக்காரப் புருஷன், பேச்சுவார்த்தை இல்லாத வீடு, ஜன்னலோரம் நிற்கும் பெண்டாட்டி.

"கடைசில வாசல்ல கார் வந்து நிக்குது. பொண்ணு பெட்டியோட படியிறங்கி வருது. கார்ல கூடப்பொறந்த அண்ணன். ஆடிக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு."

வாத்தியாரின் பேனா நின்றது. "ஐயா, முடிவை மட்டும் நான் பழைய பத்திரிகையில படிச்சிருக்கேன். அது அண்ணன் இல்ல. அந்த ஆளோட அவ ஓடிப்போறா."

காபித் தம்ளரோடு நின்ற எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எத்தனை ஊரை ஏமாற்றியிருக்கிறார் இந்த மனுஷர். மாமா சிரிக்கவில்லை.

"படத்துல நடுநடுவுல வர்ற இங்கிலீஸ் எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது சார். பொண்ணு பெட்டியோட கெளம்புது, கூட்டிப்போக ஆள் வந்திருக்கு. வேற யாரா இருக்கும்னு நெனச்சேன். நீங்க சரியானதையே எழுதிக்கங்க." பிறகு, "ஆனா அந்த எடம் வந்தா பொம்பளைக அம்புட்டுப் பேரும் கண்ணைத் தொடச்சிட்டுச் சிரிப்பாக சார். அண்ணன் வந்துட்டான்ல" என்றார்.

சொல்லும்போதே என்னைப் பார்த்துவிட்டார். என் சிரிப்பு போய்விட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலையில், "ஒரு சோலியா போயிட்டு வாரேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மாப்பிள்ளையைப் பெற்றவர் சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அதனால் அவர் எங்கே போகிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் கதவைத் திறந்தால் அண்ணன். வேர்த்து வடிந்து, பூவும் பழமுமாக, என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றான்.

"ஒம் மாமனாரு வீடு தேடி வந்து, பந்தில கூப்பிடாதது எங்க தப்புன்னு சொல்லிட்டாரு புள்ள. அம்புட்டுப் பெரிய மனுசன்" என்று முணுமுணுத்தான்.

மாமா நிலைக்கதவுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். எங்கள் இருவரையும் பார்க்காமல் தெருவைப் பார்த்து, அந்தக் கொட்டகைக் குரலில் சொன்னார்:

"அண்ணன் வந்திருக்காரு. ஆடிக்குக் கூட்டிட்டுப் போக."