மூடியின் உட்பக்கம்

சுவிஸில் ஓல்டனிலிருந்து தினமும் ரயிலேறிப் போய் ஒரு நூதனசாலையில் துப்புரவு வேலை செய்துவருகிறேன். கதவு திறக்கும் பத்து மணிக்கு முன்னரே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மூன்றாம் மாடியில் எகிப்து அறை. ஒன்பது வருடமாக அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் நானே கூட்டித் துடைத்தேன்.

அங்கே ஒட்டியிருந்த குறிப்புகளை வாசித்துத்தான் என் ஜெர்மன் கொஞ்சம் தேறியது. செத்தவரின் இதயத்தை ஓர் இறகோடு வைத்து நிறுப்பார்கள் என்று அங்கேதான் அறிந்தேன். அறையின் நடுவில் ஒரு பெண்ணின் மரச் சவப்பெட்டி இருந்தது. மூடியின் உட்பக்கத்தில் வான தேவதை கைகளை விரித்து நிற்கிறாள் என்று குறிப்பு சொன்னது. ஆனால் படம் இல்லை. உள்ளே படுத்திருப்பவளுக்காக மட்டும் வரைந்த ஓவியம். எனக்கு அதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றிருந்தது.

போன வருடம், செப்பனிடுவதற்காக மூடியைத் தூக்கப்போகிறார்கள் என்று அறிந்தேன். திங்கட்கிழமை, நூதனசாலை பூட்டியிருக்கும் நாள். துணி விரிக்க, நிலம் துடைக்க ஓர் ஆள் வேண்டும். ஷெஃப், அதாவது எங்கள் மேலாளர், என்னைத்தான் கூப்பிடுவார் என்று இருந்தேன். அவர் கூப்பிட்டது, ஆறு மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளையை.

"அவளுக்குப் பதமான கை. ஒன்றையும் தட்டமாட்டாள்" என்றார்.

காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வேலை செய்பவள். ஒரு குறிப்பைக்கூட நின்று வாசித்ததில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிறு பின்னேரம் ஷெஃப்புக்கு ஃபோன் எடுத்து, அவளுக்குக் கடும் இருமல், பழைய சாமானுக்குக் கிட்ட விடுவது நல்லதில்லை என்று சொன்னேன். அவர் அவளுக்கே எடுத்துக் கேட்டிருக்கிறார். இருமலும் இல்லை, ஒன்றும் இல்லை.

திங்கள் முழுக்க எனக்குப் படிக்கட்டுத் துடைக்கும் வேலை. மேலே கால்கள் நகரும் சத்தம் கேட்டது. ஒருமுறை எல்லாரும் சேர்ந்து மூச்சை இழுத்ததும் கேட்டது. மூடி எழும்புகிறது என்று விளங்கியது. கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றேன்.

மத்தியானம் அவள் இறங்கி வந்தாள். முகம் மாறியிருந்தது.

"அண்ணை, அந்த நீலம் இப்ப பூசின மாதிரிக் கிடக்கு. தேவதையின்ர விரல் நகம்கூட வரைஞ்சிருக்கினம். நான் சும்மா அழுதிட்டன்."

"எனக்குத் தெரியும். படத்தில பாத்திருக்கிறன்" என்றேன். பொய்.

அவள் கையுறைகளைக் கழற்றினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "எனக்கு இருமல் எண்டு சொன்னது நீங்களோ?"

"ஓம்."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நானே உங்களைப் போக விட்டிருப்பன், அண்ணை. என்னை நிலம் துடைக்கத்தானே கூப்பிட்டவை."

மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு வேலைக் கதை தவிர வேறு கதை இல்லை. அன்று பின்னேரமே, நான் பார்க்காமலே, மூடியை இறக்கிவிட்டார்கள். இலையுதிர் காலத்தில் அவள் ஒரு முதியோர் இல்லத்து வேலைக்கு மாறிப்போனாள்.

சில காலைகளில் ஓல்டன் ரயில் மேடையில் அவளைக் காண்கிறேன். தலையசைப்பாள், நானும் அசைப்பேன். செய்தது பிழை என்று தெரியும். ஆனாலும் அவளுடைய கண்களைப் பார்த்தவுடன் எனக்கு இன்னும் முதலில் வருவது வெட்கம் அல்ல. அந்தக் கண்கள் அந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டன என்ற எரிச்சல்தான்.